நாலு கம்பி, ஒரு பித்தளைத் தகடு

சரஸ்வதி படத்துக்கு முன்னால் மேசை போட்டு, வெள்ளை வேட்டி விரித்து, வாத்தியங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். கீபோர்டு இருந்தது. தபேலா இருந்தது. புல்லாங்குழல், டிரம் குச்சிகள், பாட்டுக்காரி பிரேமளாவின் மைக் கூட இருந்தது.

பிரவீனாவின் பேஸ் கிட்டார் மட்டும் இல்லை.

சற்று முன் அவளே தன் கையால் வைத்துவிட்டுத்தான் பூ வாங்கப் போனாள். திரும்பி வந்தால் அந்த இடத்தில் வேறொரு கிட்டார் படுத்திருக்கிறது. ஐந்து கம்பி. கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுக்கும் உடம்பு. கழுத்தோ மேசையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்களின் இடுப்பில் இடித்தது.

குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில், ஒயர் மூட்டைக்கும் காலி அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில், அவளுடைய கிட்டார் குப்புறக் கிடந்தது.

பிரவீனா விருட்டென்று நிமிர்ந்தாள்.

"யாரு இதைக் கீழ போட்டது?"

"நான்தான்."

சந்தனக் கிண்ணத்தில் பன்னீர் ஊற்றிக் குழைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார் லோகேஸ்வரன். 'தென்முனை' இசைக்குழுவின் தலைவர், கீபோர்டு வாசிப்பவர், வேன் சொந்தக்காரர். குழுவில் அவர் பேச்சு எடுபடுவதற்கு இந்த மூன்றில் கடைசித் தகுதிதான் காரணம்.

"அந்த இடம் இனிமே ரூபனுக்கு."

ரூபன் என்கிற ரூபேந்திரன் அவருடைய மனைவியின் தம்பி. சிங்கப்பூரில் வேலை. ஆள் இன்னும் வந்து சேரவில்லை. கிட்டார் மட்டும் முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருந்தது.

இந்த இடம் சாதாரண இடமில்லை. சரஸ்வதி பூசை சாயங்காலம், ஜொகூரில் உள்ள மாசாய் கோயில் மண்டபத்தில் வாத்தியங்களைச் சாமி முன் வைப்பார்கள். தீபாராதனை ஆனபிறகு விடியும்வரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது. இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். தென்முனைக் குழுவுக்கு அதற்கு மேலும் ஒரு சட்டம் உண்டு. மறுநாள் விஜயதசமிக் காலையில், குழந்தைகள் அரிசித் தட்டில் முதல் எழுத்து எழுதும்போது, குழு முதல் பாட்டை வாசிக்கும். அந்தப் பாட்டை யார் எந்த வாத்தியத்தில் வாசிக்கிறார்களோ, அந்த வருஷம் முழுக்க அந்த இடம் அவர்களுக்கு. கல்யாணம், திருவிழா, தீபாவளி விருந்து எல்லாவற்றுக்கும். நடுவில் ஆள் மாற்றம் கிடையாது.

ஆக, மேசையிலிருந்து இறக்கப்பட்டது பிரவீனாவின் ஒரு முழு வருஷம்.

"அண்ணே, மூணு வருஷமா நான்தானே பேஸ் வாசிக்கிறேன்?"

"யாரு இல்லைன்னா? நல்லாத்தான் வாசிக்கிற. ஆனா அந்த சாமானைப் பாரு. ஸ்கூல் பிள்ளைங்க ஆண்டு விழால மாட்டிக்கிட்டு நிப்பாங்களே, அந்த மாதிரி கெசில்லா, சின்னதா இருக்கு. நாலாவது கம்பி வேற தொளதொளன்னு, துணி காயப்போடுற கயிறு மாதிரி."

"அது போன வருஷம். இப்ப கம்பி மாத்திட்டேன்."

"சிங்கப்பூர்க்காரங்க கல்யாணம் வருதுலா! முதல்ல ஸ்டேஜ் போட்டோ அனுப்புங்கிறாங்க. போட்டோல பார்த்தா நீயும் குட்டி, கிட்டாரும் குட்டி. ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துக்கிட்டு என் மானத்தை வாங்குறீங்க!"

டிரம்ஸ் வாசிக்கும் ஐயாசாமி எங்கோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பெரிய மீசை, பெரிய உடம்பு. சிரித்தால் தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரவீனா சிரிக்கவில்லை.

"நான் குட்டிதான் அண்ணே. இனிமே வளரப் போறதில்ல. அதுக்குத்தான் என் கைக்கு ஏத்த கிட்டாரா வச்சிருக்கேன். நீங்க சட்டை எடுக்கும்போது உங்க வயித்தைப் பார்த்துத்தானே எடுக்கிறீங்க? பக்கத்து வீட்டுக்காரன் வயித்தைப் பார்த்தா எடுக்கிறீங்க?"

ஐயாசாமியின் தோள் இப்போது பயங்கரமாகக் குலுங்கியது.

லோகேஸ்வரன் வாய் திறப்பதற்குள் பிரவீனா குனிந்து தன் கிட்டாரை எடுத்தாள். தாவணியால் தூசியைத் துடைத்தாள். ஐந்து கம்பிக்கும் தபேலாவுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அதை நிமிர்த்தி வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. குட்டியாக இருப்பதில் இப்படி ஒரு வசதி.

"எடு அதை!" என்று லோகேஸ்வரன் நெருங்கினார்.

"என்ன லோகேஸ்வரன், இன்னும் சந்தனம் வைக்கேல்லையோ? ஐயர் வந்திட்டார்."

வாசலில் கோயில் தலைவர் சிற்றம்பலம். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் யாரோடும் பேசுவார். அவர் முன்னால் சாமி மேசையில் இழுபறி நடத்த லோகேஸ்வரனுக்குத் துணிச்சல் வரவில்லை.

"வச்சா வச்சுக்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "நாளைக்கு எடுத்து வாசிக்கப் போறது யாருன்னு பார்ப்போம்."

"பார்ப்போம்," என்றாள் பிரவீனா.

*

லோகேஸ்வரன் சந்தனம் வைக்கத் தொடங்கினார்.

அவர் சந்தனம் வைக்கும் அழகே தனி. பொட்டு வைக்கத் தெரியாது, பூசத்தான் தெரியும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர் மாதிரி கிண்ணத்தில் கைவிட்டு அள்ளுவார். கீபோர்டின் ஓரத்தில் ஒரு தீற்றல். தபேலாவின் வயிற்றில் மூன்று விரல் பட்டை. பிறகு மச்சானின் ஐந்து கம்பிக்கு வந்தார். கிட்டாரின் முகப்பில், கம்பிகளுக்குக் கீழே, ஒயர் செருகுவதற்கென்று வெள்ளி வளையம் போட்ட ஒரு துளை இருந்தது. பொட்டு வைக்க வாகான வட்டம். கட்டைவிரலில் ஒரு உருண்டை சந்தனத்தோடு லோகேஸ்வரனின் கை அங்கே இறங்கியது.

பிரவீனா பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா இருந்துவிடலாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மீதியைச் சந்தனமே பார்த்துக்கொள்ளும். ஆனால் அப்படி ஜெயிக்க அவளுக்கு மனசு வரவில்லை. தவிர, அந்த ஐந்து கம்பி என்ன பாவம் செய்தது?

"அண்ணே! அந்த ஓட்டைல வைக்காதீங்க. போன வருஷம் என்னோடது அப்படித்தான் ரொசாக் ஆச்சு."

லோகேஸ்வரன் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. சாமி சந்தனம் பட்டுக் கிட்டார் கெட்டுப்போச்சுன்னு. வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"சாமியை நான் ஒண்ணும் சொல்லல. ஓட்டையைச் சொல்றேன்."

"நீ சொல்லித்தான் நான் சந்தனம் வைக்கணுமா?"

அவள் சொன்னதற்காகவே இன்னொரு உருண்டை எடுத்தார். துளையில் வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார். அதன் நடுவில் குங்குமம். பார்க்க மங்களகரமாகத்தான் இருந்தது.

பிரவீனாவின் கிட்டாருக்கு அவர் சந்தனமே வைக்கவில்லை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவள் பின்னாலேயே போய்க் கிண்ணத்தில் விரல் நுனியைத் தொட்டு எடுத்து வந்து, தன் கிட்டாரின் முகப்பில் இருந்த சிறிய பித்தளைத் தகட்டின்மேல் ஒரு பொட்டு வைத்தாள்.

அந்தத் தகட்டுக்கு ஒரு கதை இருக்கிறது.

பத்து பாகாட் ஊரில் ஒரு பண்டல் கடை. ஜப்பானிலிருந்து கப்பலேறி வரும் பழைய சாமான்களைக் குவித்து விற்பார்கள். அங்கே பூப்பந்து மட்டைகளுக்கும் மூடியில்லாத ரைஸ் குக்கர்களுக்கும் நடுவில்தான் பிரவீனா அதைக் கண்டெடுத்தாள். அதற்கு முன் இரவல் வாங்கி வாசித்த பெரிய பேஸில், கழுத்தின் கோடியில் இருக்கும் முதல் கட்டையைத் தொடவே அவள் கை எட்டாது. எட்டி எட்டி மணிக்கட்டு வீங்கி, தைலம் தேய்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். இந்தக் கிட்டாரில் கம்பியின் நீளம் நாலு அங்குலம் குறைவு. கடையிலேயே எடுத்து மடியில் வைத்தாள். இடது கை கழுத்தின் கோடிவரைக்கும் சிரமமில்லாமல் போய் வந்தது. அன்றைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில் மாட்டினால் பழைய பிரிட்ஜ் மாதிரி 'ம்ம்ம்' என்று உறுமியது. கையை விட்டால் தலைப்பக்கம் பாரத்தில் சரிந்து, பஸ்ஸில் தூங்கி விழுகிற ஆள் மாதிரி தரையைப் பார்த்தது. நாலாவது கம்பி நிஜமாகவே துணிக்கயிறுதான்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பிரவீனாவுக்கு மின்பலகைகளில் ஈயம் பற்றவைக்கும் வேலை. வீட்டில் ஒரு பற்றவைப்புக் கோல் இருந்தது. கிட்டாரைத் திறந்தாள். உறுமலை அடக்க, உள்ளே இருந்த குழி முழுக்கச் செப்புத்தாள் ஒட்டினாள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தப் பட்டையை மாற்றினாள். முதல் தடவை ஒயரை இடம் மாற்றி வைத்துவிட்டு, சத்தமே வராமல் ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். தலைப்பக்கத்து முறுக்காணிகளைக் கழற்றிவிட்டு எடை குறைந்ததாகப் போட்டாள். வார் மாட்டும் குமிழை வேறு இடத்துக்குத் தள்ளினாள். தலை நிமிர்ந்தது. கடைசியாகத் தடித்த கம்பி. துணிக்கயிறு விறைத்துக்கொண்டது.

ஆனால் போன வருஷம், கம்பியும் காந்தப் பட்டையும் மாற்றுவதற்கு முன்னால், அதே மேசையில் லோகேஸ்வரனின் கட்டைவிரல் அவளுடைய கிட்டாரின் ஒயர்த் துளையில் இறங்கியது. மறுநாள் முதல் பாட்டு முழுக்கப் பொரி பொரிந்தது. "விளையாட்டு சாமான், இவ்வளவுதான் வரும்," என்று லோகேஸ்வரன் தீர்ப்பு எழுதிவிட்டார். ஒலியைப் பாதியாகக் குறைத்து, அவளைக் கீபோர்டுக்குப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டார். வருஷம் முழுக்க அங்கேதான் நின்றாள்.

வீட்டில் திறந்து பார்த்தால் துளைக்குள் சந்தனம் காய்ந்து சிமெண்டு மாதிரி இருந்தது. ஊசியால் சுரண்டி எடுத்தாள். பிறகு யோசித்தாள். அடுத்த வருஷமும் பூசை வரும். அடுத்த வருஷமும் அந்தக் கட்டைவிரல் வரும். அது எங்கே வட்டத்தைக் கண்டாலும் இறங்கும்.

ஒயர்த் துளையைக் கிட்டாரின் விலா ஓரத்துக்கு மாற்றினாள். முகப்பில் இருந்த பழைய ஓட்டையை மூட, அம்மாவின் விரிசல் விட்ட ஆரத்தித் தட்டின் ஓரத்தை வெட்டி, ராவி, வட்டமாக ஒரு தகடு செய்து ஆணி முடுக்கினாள். சந்தனம் வைப்பதற்கென்றே ஓர் இடம். ஜப்பானில் செய்த கிட்டாருக்கு அப்போதுதான் நெற்றி என்று ஒன்று வந்தது.

"சாமித் தட்டைப் போயி வெட்டிட்டியேடி!" என்று அம்மா யோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாமிக்குத்தான்மா வெட்டினேன்."

*

தீபாராதனை முடிந்தது. ஐயர் மேசைக்கு முன் கோலமாவால் ஒரு கோடு போட்டார். இனி விடிந்தபிறகுதான்.

வீட்டில் அம்மா சுண்டலைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தபடியே முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஜொகூர்ல வேற குழுவே இல்லையா? அந்த ஆளு மூஞ்சில முழிக்கணும்னு என்ன?" என்றாள்.

"இருக்கும்மா. ஆனா என்னை இறக்கினது இவருதானே. அப்ப நான் ஏறவேண்டியதும் இவரு மேடைலதான்."

"உங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு வீம்பு." யோகேஸ்வரி மகளை ஒரு பார்வை பார்த்தாள். "காலைல பசியாறிட்டுப் போ. வெறும் வயித்துல சண்டை போடாத."

*

காலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. பாயில் வரிசையாகக் குழந்தைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் தட்டில் பச்சரிசி. பின்னால் போனைத் தூக்கிப் பிடித்தபடி பெற்றோர். ஓர் ஓரத்தில் மேடை போட்டு, ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் தயார்.

ரூபேந்திரன் வந்துவிட்டான். முந்தின நாள் வேலைக்குப் போன அதே சட்டை. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"காஸ்வே பாலத்துல ஜாம் மச்சான். நின்னு நின்னு காலு வீங்கிப்போச்சு," என்றவன் பிரவீனாவைப் பார்த்துக் கொஞ்சம் நெளிந்தான். "நீங்கதான் பேஸ்னு கேள்விப்பட்டேன். மச்சான், இவங்க விலகிட்டாங்கன்னுல்ல சொன்னீங்க?"

"யாரும் விலகல," என்றாள் பிரவீனா.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்," என்று லோகேஸ்வரன் இடையில் புகுந்தார். "எல்லாரும் எடுங்க!"

மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவரவர் வாத்தியத்தை எடுத்தார்கள். ஐயாசாமி குச்சிகளை எடுத்தார். ரூபேந்திரன் ஐந்து கம்பியை எடுத்தான். பிரவீனா தன்னுடையதை எடுத்தாள். மேடைக்கு ஏறும்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

பேஸ் இரண்டு. ஆம்ப் ஒன்று. ஒயரும் ஒன்று.

லோகேஸ்வரன் அந்த ஒயரின் நுனியை எடுத்து, பிரவீனாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, மச்சானின் கையில் வைத்தார்.

ரூபேந்திரன் செருகினான். போகவில்லை. அழுத்தினான். 'கரக்' என்று ஏதோ நொறுங்கியது. அவன் கம்பியைத் தட்ட...

பட்! பட்பட்! கர்ர்ர்ர்!

ஸ்பீக்கரிலிருந்து பட்டாசுக் கட்டு வெடித்தது. முன்வரிசையில் ஒரு பிள்ளை தூக்கிவாரிப்போட்டுத் தட்டைக் கவிழ்த்தது. அரிசி பாயெங்கும் சிதறியது. அழுகை பக்கத்துப் பிள்ளைக்குத் தொற்றி, வரிசை முழுக்கப் பரவியது.

ரூபேந்திரன் பதறிப்போய் ஒயரைத் திருகினான். ஒரு கடைசி 'டப்'. பிறகு ஐந்து கம்பியும் ஊமை.

"உள்ள என்னமோ கல்லு மாதிரி இருக்கு மச்சான்!"

"கல்லு இல்ல தம்பி," என்றார் ஐயாசாமி, டிரம்முக்குப் பின்னாலிருந்து. "சந்தனம்."

"சந்தனமெல்லாம் ஒண்ணும் பண்ணாது!" லோகேஸ்வரன் துண்டின் முனையை முறுக்கித் துளைக்குள் விட்டார். மேலே ஒட்டியிருந்த கொஞ்சமும் உள்ளே போனது.

சிற்றம்பலம் மேடை ஓரத்துக்கு வந்தார். கைக்கடிகாரத்தை இந்தத் தடவை தட்டியே காட்டினார்.

"பிள்ளையள் அழுகினம். நல்ல நேரம் போகுது. துவங்குங்கோவன்!"

லோகேஸ்வரன் மண்டபத்தைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். பிறகு பிரவீனாவின் பக்கம் திரும்பி, குரலைத் தேனில் நனைத்தார்.

"தங்கச்சி, அந்தக் கிட்டாரைக் குடு. ரூபன் ஒரு பாட்டு வாசிச்சிட்டுத் தந்திடுவான்."

அவளால் ஒரு கணம் நம்ப முடியவில்லை. நேற்று மேசைக்கு அடியில் குப்புறப் போட்ட சாமான்!

"விளையாட்டு சாமான்னு சொன்னீங்களே அண்ணே."

"இப்ப அதெல்லாம் எதுக்கு? சாமி காரியம்லா!"

"சாமி காரியம்தான். சாமி முன்னாடி வச்சதும் நான், எடுத்ததும் நான். வாசிக்கிறதும் நானாத்தான் இருக்கும். தரமாட்டேன்."

"ஒரே ஒரு பாட்டு..."

"அந்த ஒரு பாட்டுதான் ஒரு வருஷம். சட்டம் போட்டது நீங்கதான்."

தேன் வற்றிவிட்டது.

"அவ்வளவு திமிரா?" லோகேஸ்வரன் முகம் கறுத்தது. "அப்ப பேஸே வேணாம். பேஸ் இல்லாமலே வாசிக்கிறோம். இறங்கு கீழ! இந்த வருஷம் இல்ல, இனிமே எந்த வருஷமும் உனக்கு இங்க இடமில்ல. ஐயாசாமி, கவுண்ட் குடு!"

ஐயாசாமி குச்சிகளைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். மீசை துடித்தது. பெண்டாட்டி பிள்ளைக்காரர், குழு வேண்டும். அடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

ஒயர் தரையில் கிடந்தது. ரூபேந்திரன் பிடுங்கிப் போட்ட இடத்தில், பாம்பு மாதிரி வளைந்து.

பிரவீனா அதைப் பார்த்தாள். லோகேஸ்வரனும் பார்த்தார். அவர் கீபோர்டைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அவள் ஒரு எட்டு வைத்தால் போதும். ஆனால் நடுவில் ரூபேந்திரன் நின்றான்.

"ரூபா, அதை எடு!" என்று கத்தினார் லோகேஸ்வரன்.

ரூபேந்திரன் எடுத்தான். கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை மச்சானைப் பார்த்தான். அக்காவின் முகமும் ஞாபகம் வந்திருக்கும். பெருமூச்சு விட்டான்.

"விலகிட்டாங்கன்னு பொய் சொல்லிட்டீங்களே மச்சான்," என்றபடி ஒயரைப் பிரவீனாவிடம் நீட்டிவிட்டு, மேடையிலிருந்து இறங்கிப் பாயில் குழந்தைகளோடு உட்கார்ந்துகொண்டான்.

அவள் விலா ஓரத்துத் துளையில் செருகினாள். சத்தமில்லை. உறுமல் இல்லை, பொரிதல் இல்லை. பேஸ் மாட்டியிருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு அமைதி.

ஒலியைக் கூட்டுகிற குமிழைத் திருகினாள். போன வருஷம் லோகேஸ்வரன் பாதியில் நிறுத்திய குமிழ். அதை முழுசாகத் திருகினாள். பிறகு நடந்தாள். கீபோர்டுக்குப் பின்னால் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த மூலையைக் கடந்து, பிரேமளாவின் மைக்குக்குப் பக்கத்தில், மேடையின் முன்விளிம்பில் போய் நின்றாள்.

அந்தப் பாட்டு வழக்கமாகக் கீபோர்டில்தான் தொடங்கும். அன்றைக்கு நாலாவது கம்பியில் தொடங்கியது.

தூம்.

தொளதொளப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அடிவயிற்றில் வந்து உட்காரும் உருண்டையான நாதம். இன்னொரு தூம். பிறகு மூன்றாவது கம்பிக்குத் தாவி, ஏறி, இறங்கி, மறுபடி நாலாவதில் வந்து நின்றது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளில் ஒன்று வாயைத் திறந்தபடியே அழுகையை மறந்துவிட்டது. ஜன்னலோரம் வைத்திருந்த எவர்சில்வர் குடத்தின் மூடி மெல்ல அதிர்ந்தது.

இரண்டாவது சுற்று வரும்போது ஐயாசாமிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவருடைய வலது கால் தானாகவே பெரிய டிரம்மை உதைத்தது. கால் போன இடத்துக்குக் கையும் போய்விட்டது. தபேலா சேர்ந்துகொண்டது. பிரேமளா ஓரக்கண்ணால் பிரவீனாவைப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, மைக்கைக் கையில் எடுத்தாள்.

லோகேஸ்வரன் மட்டும் கீபோர்டுக்கு மேல் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றார். நிறுத்தச் சொன்னால் மண்டபமே கேட்கும். வாசிக்காமல் நின்றால் மண்டபமே பார்க்கும். சிற்றம்பலம் முதல் தடவையாகக் கடிகாரத்தை விட்டுவிட்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சுற்று பிந்தி, தலையைக் குனிந்துகொண்டு, லோகேஸ்வரன் வாசிக்கத் தொடங்கினார்.

கீழே குழந்தைகளின் விரல்களைப் பிடித்து அரிசியில் எழுதவைத்தார்கள். பிரவீனா யாரையும் பார்க்கவில்லை. கழுத்தின் கோடியில் முதல் கட்டை. அவள் விரல் அங்கே சிரமமில்லாமல் போய் வந்தது.

*

எல்லாம் முடிந்து சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லோகேஸ்வரன் வேனின் படியில் உட்கார்ந்து, பல்குத்தியால் ஐந்து கம்பியின் துளையைக் குடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ரூபேந்திரன் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தான்.

"சந்தனத்தால இல்ல," என்றார் லோகேஸ்வரன், யாரும் கேட்காமலே. "பன்னீர் கொஞ்சம் கூடிப்போச்சு. அதான்."

பிரவீனா தன் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆயர் ஈத்தாம்ல கல்யாணம்," லோகேஸ்வரன் தலையைத் தூக்காமல் பேசினார். "காலைலயே வேன் வந்திடும். சட்டம் சட்டம்தானே. முதல் பாட்டு நீ வாசிச்சிட்ட."

"சரிண்ணே."

"ஒரே ஒரு விஷயம்." இப்போது தலை நிமிர்ந்தது. "சிங்கப்பூர்க்காரங்க போட்டோ கேட்டாங்கல்ல? வாசிக்கிறது உன் இஷ்டம், எதுல வேணாலும் வாசி. போட்டோவுக்கு மட்டும் ரூபனோடதை மாட்டிக்கிட்டு நில்லேன். ரெண்டு நிமிஷம். அதுல என்ன வந்திடப்போகுது?"

ரூபேந்திரன் பொங்கலை வாயில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டான். மச்சான் இன்னும் அடங்கவில்லை.

"மாட்டமாட்டேன்," என்றாள் பிரவீனா. "வாசிக்கிறது இது. போட்டோவுக்கு நிக்கிறதும் இதோடதான். நிக்கிற இடம் முன்னாடி, இன்னைக்கு நின்ன இடம். இது மூணும் மாறாது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, ஞாயித்துக்கிழமை எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கு."

லோகேஸ்வரன் ஐயாசாமியைத் திரும்பிப் பார்த்தார், யாராவது நியாயம் சொல்லமாட்டார்களா என்று. ஐயாசாமி மும்முரமாக டிரம்மைத் துடைத்தார். தோள் குலுங்கியது.

"அலமாக்," என்று அலுத்துக்கொண்டார் லோகேஸ்வரன் கடைசியில். "முன்னாடியே நில்லு. ஆனா வெயில்ல நிறுத்திட்டாருன்னு அப்புறம் என்னைக் குறை சொல்லாத."

அது அவர் பாணியில் சரி என்று அர்த்தம்.

"பிரவீனா," ரூபேந்திரன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "என்னோடதையும் கொஞ்சம் திறந்து பார்க்கிறீங்களா? ஓட்டையைப் பக்கவாட்டுக்கு மாத்தணும். அந்தப் பித்தளைத் தகடு மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும்."

"மாத்தலாம். அம்மாகிட்ட இன்னும் முக்கால் தட்டு மிச்சமிருக்கு." அவள் லோகேஸ்வரனை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க கீபோர்டுக்கும் ஒண்ணு போடவா அண்ணே?"

லோகேஸ்வரன் பல்குத்தியை ஒடித்து எறிந்தார். ஆனால் அவர் கண் மட்டும் கீபோர்டின் பக்கம் ஒரு முறை போய் வந்தது.

வழக்கம்போல அவர் அவளுடைய கிட்டார் உறையைத் தூக்கி, ஆம்ப்புக்கு அடியில் திணிக்கக் கையை நீட்டினார். பிரவீனா அதற்குள் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்துவிட்டாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கிட்டார் முதுகோடு முதுகாக ஒட்டிக்கொண்டது. தலைக்கு மேலே கொம்பாக நீட்டாது, கிளையில் மாட்டாது.

வண்டியை உதைத்துக் கிளப்பினாள். கோயில் வாசலில் கார்களை எடுப்பதற்கு ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே, யாரும் நுழைய முடியாத இடுக்கில் நுழைந்து, சாலைக்குப் போய்விட்டாள்.